அடித்தல் திருத்தல்: அட்மிரல் பேர்ட் கணக்கு

வங்கியில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக் கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு. எண்ணைத் தப்பாக எழுதிவிட்டால் சுரண்டக் கூடாது, மேலேயே எழுதக் கூடாது, ரப்பர் பக்கமே போகக் கூடாது. ஒரே ஒரு கோடு இழுத்து அடித்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, இனிஷியல் போட வேண்டும். அடிபட்ட எண் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதுதான் முக்கியம். கம்ப்யூட்டர் வந்து எல்லாம் மாறிப்போன பிறகும் வவுச்சரில் ஓர் அழிப்பைப் பார்த்தால் எனக்குக் கை தானாக நின்றுவிடும். தொழில் புத்தி.

அப்படி நின்ற இடம் ஒன்றைப் பற்றித்தான் இந்தப் பதிவு. வவுச்சர் அல்ல, ஒரு டைரி. எழுதியவர் அமெரிக்கக் கடற்படையின் ரிச்சர்ட் பேர்ட். வட துருவத்தின் மேலும் தென் துருவத்தின் மேலும் விமானத்தில் பறந்த முதல் மனிதர் என்று ஒரு காலத்தில் பள்ளிப் பாடங்களில் வந்தவர். 1957-ல் இறந்தார். அவருடைய காகிதங்கள் எல்லாம் 1985-ல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போயின. அந்தக் குவியலிலிருந்து 1996-ல் ஒரு நோட்டுப் புத்தகம் வெளியே வந்தது. 1925 கிரீன்லாந்துப் பயணம், 1926 வட துருவப் பயணம், 1927 அட்லாண்டிக் பயணம் மூன்றும் ஒரே நோட்டில். அதில் வட துருவப் பயணத்துக் கணக்குகள் சில பென்சிலால் எழுதி அழிக்கப்பட்டிருந்தன. அழித்தும் படிக்க முடிந்தது. அதுதான் வினை.

முதலில் ஆளைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1888-ல் வர்ஜீனியா மாநிலத்தில் வின்செஸ்டர் என்ற ஊரில் பிறந்தார். அண்ணன் ஹாரி, தம்பி டாம், இவர் டிக். ஆக ஒரே வீட்டில் டாம், டிக், ஹாரி :) ஹாரி பின்னாளில் வர்ஜீனியாவின் ஆளுநராகவும் செனட்டராகவும் ஆனவர். நம் ஆள் பன்னிரண்டு பதின்மூன்று வயதிலேயே குடும்ப நண்பர் ஒருவரைப் பார்க்கத் தனியாகக் கிளம்பி பிலிப்பைன்ஸ் போய், அப்படியே உலகத்தைச் சுற்றி வீட்டுக்கு வந்தார். (என் பையனை ஆட்டோவில் டியூஷனுக்குத் தனியாக அனுப்ப வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை.) 1912-ல் கடற்படைக் கல்லூரியில் தேறினார். உடற்பயிற்சியில் கணுக்கால் உடைந்து, கப்பல் வேலைக்கு லாயக்கில்லை என்று 1916-ல் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். முதல் உலகப் போர் வந்ததும் மறுபடி உள்ளே வந்து, பென்சகோலாவில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார்.

ஆனால் அவருடைய உண்மையான கெட்டிக்காரத்தனம் ஓட்டுவதில் இல்லை, வழி கண்டுபிடிப்பதில். கடலில் செக்ஸ்டன்ட் பிடிக்கிறவனுக்குத் தொடுவானம் தெரியும். மேகத்துக்கு மேலே போகும் விமானத்தில் தொடுவானம் எங்கே? கருவிக்குள்ளேயே ஒரு நீர்க்குமிழியை வைத்து அதையே தொடுவானமாகக் கொள்ளும் செக்ஸ்டன்ட்டை உருவாக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1919-ல் கடற்படையின் பறக்கும் படகுகள் அட்லாண்டிக்கைத் தாண்டியபோது வழிக்கணக்கைத் திட்டமிட்டவர்களில் அவரும் ஒருவர். சுருக்கமாகச் சொன்னால் அவர் ஒரு கணக்கப்பிள்ளை. எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

1926 மே 9. நார்வேக்கு வடக்கே ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில் கிங்ஸ் பே. பேர்டும் பைலட் ஃபிளாய்ட் பென்னட்டும் ஃபோக்கர் மூன்று எஞ்சின் விமானத்தில் கிளம்பினார்கள். விமானத்தின் பெயர் ஜோசஃபின் ஃபோர்ட். பணம் கொடுத்தவர்களில் ஒருவரான எட்செல் ஃபோர்டின் மகள் பெயர். (கடன் கொடுத்தவர் வீட்டுக் குழந்தைக்குப் பெயர் வைக்கப்போய் விருந்து சாப்பிட்ட மேனேஜர்களைப் பார்த்திருக்கிறேன். இங்கே தலைகீழ்.) அதே கிங்ஸ் பேயில் தென் துருவத்தை முதலில் தொட்ட அமுண்ட்சென், நார்ஜ் என்ற ஆகாயக் கப்பலோடு காத்துக்கொண்டிருந்தார். போட்டி என்று யாரும் வாயால் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

போகும் வழியில் வலது எஞ்சினில் எண்ணெய் ஒழுக ஆரம்பித்தது. எஞ்சின் சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால் இருவரும் சீட்டெழுதிப் பேசிக்கொண்டார்கள். அந்தச் சீட்டுப் பேச்சும் அந்த நோட்டிலேயே கிடக்கிறது. துருவத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பியதாகச் சொல்லி வந்து இறங்கினார்கள். மொத்தம் 15 மணி 57 நிமிடம். அமுண்ட்சென் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். நியூயார்க்கில் ஊர்வலம், இருவருக்கும் நாட்டின் உச்சப் பதக்கம். மூன்று நாள் கழித்து, மே 12 அன்று, நார்ஜ் துருவத்தின் மேல் போய் அலாஸ்காவில் இறங்கியது. அதை யாரும் சந்தேகப்படவில்லை. கிளம்பிய இடம் வேறு, இறங்கிய இடம் வேறு. நடுவில் துருவம். பேர்ட் போனதும் வந்ததும் ஒரே இடம். சாட்சி அவரும் பென்னட்டும்தான்.

சந்தேகம் சீக்கிரமே முளைத்தது. போக வர ஏறத்தாழ 2,470 கிலோமீட்டர். 15 மணி 57 நிமிடத்தில் முடிக்க மணிக்குச் சராசரி 155 கிலோமீட்டருக்குக் குறையாமல் பறந்திருக்க வேண்டும். பிறகு அதே விமானத்தில் அமெரிக்காவைச் சுற்றிய நார்வே பைலட் பெர்ன்ட் பால்கென், இந்த வண்டி அவ்வளவு வேகம் போகாதே என்று கணக்குப் போட ஆரம்பித்தார். பின்காற்று தள்ளியது என்பது பேர்ட் தரப்பு வாதம். 1960-ல் ஸ்வீடன் வானிலை அறிஞர் லில்யெக்விஸ்ட் அன்றைய காற்று நிலையைப் பார்த்து, அப்படி ஒன்றும் தள்ளியிருக்காது என்றார்.

இந்த நிலையில்தான் 1996-ல் நோட்டுப் புத்தகம். துருவத்தை அடைந்ததாகச் சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி முன்னால், கிரீன்விச் நேரம் 7 மணி 7 நிமிடத்துக்கு, செக்ஸ்டன்ட்டில் சூரியனின் உயரம் எடுத்திருக்கிறார். டைரியில் எழுதி அழித்தது 19 பாகை 25 கலை 30 விகலை. பின்னால் ஜூன் மாதம் தட்டச்சு செய்து கொடுத்த அதிகாரபூர்வ அறிக்கையில், அதே நேரத்துக்கு, 18 பாகை 18 கலை 18 விகலை. (பாகை, கலை, விகலை எல்லாம் பஞ்சாங்கம் புழங்கும் வீடுகளில் தெரிந்த சொற்கள்தான்.) துருவத்தில் நிற்கிறவனுக்கு சூரியன் அன்றைக்கு ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை, ஒரே உயரத்தில் வட்டமடிக்கும். மே 9 அன்று அந்த உயரம் ஏறத்தாழ 17 பாகை. எண் 17-ஐ நெருங்க நெருங்க ஆள் துருவத்தை நெருங்குகிறார் என்று எளிமையாக வைத்துக்கொள்ளலாம். இரண்டு எண்களுக்கும் வித்தியாசம் ஒரு பாகைக்கு மேல். ஒரு பாகை என்றால் 60 கடல் மைல், நம் கணக்கில் 111 கிலோமீட்டர்.

டென்னிஸ் ராலின்ஸ் என்ற ஆய்வாளர், எண்ணெய் ஒழுகியதும் பாதைக்கு முன்பே திரும்பிவிட்டார்கள், முக்கால்வாசிக்குக் கொஞ்சம் மேல்தான் போயிருக்கிறார்கள் என்று எழுதினார். பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பாளர் கோயர்லர் அந்த நோட்டை 1998-ல் புத்தகமாகவே போட்டுவிட்டார், நீங்களே பாருங்கள் என்று. 2013-ல் அதே பல்கலைக்கழகத்தின் ஓய்வுபெற்ற வானியல் பேராசிரியர் நியூசம் அன்றைய காற்றைக் கம்ப்யூட்டரில் மறுபடி ஓடவிட்டுப் பார்த்து, காற்று உதவியிருக்கக்கூடும், துருவத்தைத் தொட்டிருக்கலாம், அல்லது கிட்டத்தில் போயிருக்கலாம் என்றார். அழித்த எண் என்பது ஒருவேளை தப்பாகப் போட்ட கணக்கைத் திருத்தியதாக இருக்கலாம் என்பாரும் உண்டு. குலுங்கும் விமானத்தில், உறைபனிக் குளிரில், பென்சிலில் போட்ட கணக்கு. நான் ஏசி அறையில் போட்ட கூட்டலே எத்தனை தடவை டேலி ஆகாமல் போயிருக்கிறது!

இந்த இடத்தோடு நிறுத்தியிருந்தால் இவர் எனக்கு ஒரு சந்தேகக் கேஸ், அவ்வளவுதான். என்னை இழுத்தது 1934.

அதற்கு நடுவில் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1927-ல் மூன்று பேரோடு அட்லாண்டிக்கைத் தாண்டி, பாரிஸில் மூடுபனியால் இறங்க முடியாமல் நார்மண்டிக் கடலோரம் தண்ணீரில் இறக்கினார்கள். 1928-ல் அண்டார்டிகா. ராஸ் பனித்தட்டின் மேல் லிட்டில் அமெரிக்கா என்று முகாம். 1929 நவம்பர் 28, 29-ல் தென் துருவப் பறப்பு. ஓட்டியவர் அதே பால்கென்! பனிமலைத் தொடரைத் தாண்ட உயரம் போதாமல் அவசர உணவு மூட்டைகளைத் தூக்கி வெளியே எறிந்தார்கள். எரிபொருளை எறிந்தால் திரும்ப முடியாது; சோற்றை எறிந்தால், இறங்க நேர்ந்தால் பட்டினி. சோற்றை எறிந்தார்கள். 18 மணி 41 நிமிடத்தில் போய்த் திரும்பினார்கள். இதில் ஆதாரம் பக்காவாக இருக்கிறது. போட்டோ எடுக்கவே ஓர் ஆளைக் கூட்டிப் போனார். முந்தைய வருடம் நிமோனியாவில் இறந்துபோன பென்னட்டின் கல்லறையிலிருந்து எடுத்துவந்த ஒரு கல்லைக் கொடியில் கட்டித் துருவத்தில் போட்டார். விமானத்தின் பெயரும் ஃபிளாய்ட் பென்னட்தான்.

இரண்டாவது பயணம் 1933-ல், அமெரிக்காவில் கடும் பொருளாதார மந்தக் காலம். காசு புரட்டிய விதம் தனிக் கதை. ஓக்லண்ட் நகரசபை ஏலம் விட்ட பழைய கப்பலை 1,050 டாலருக்கு எடுத்தார். உணவுக் கம்பெனி விளம்பரத்தோடு அண்டார்டிகாவிலிருந்து ரேடியோ நிகழ்ச்சி. மூன்று கெர்ன்சி ஜாதிப் பசுக்களை வேறு கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார். வழியில் ஒன்று கன்று போட்டது. பெயர் ஐஸ்பெர்க். கறவை மாட்டுக் கடன் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், அந்த மாடுகளுக்கு எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியும் பாலிசி கொடுத்திருக்காது.

சரி, விஷயத்துக்கு வருவோம். கடலோர முகாமிலிருந்து 123 மைல், அதாவது ஏறத்தாழ 200 கிலோமீட்டர் உள்ளே, பனிக்கடியில் புதைத்த ஒரு மரக்குடில். ஒன்பதடிக்குப் பதின்மூன்றடி. துருவ இருள் மாதங்களில் உள்நாட்டு வானிலையைப் பதிய வேண்டும். மூன்று பேர் இருப்பதாகத் திட்டம். டிராக்டர்கள் பழுதாகிச் சாமான் கொண்டுபோக முடியவில்லை. இரண்டு பேர் என்றால் மாதக்கணக்கான இருட்டில் ஒருவரையொருவர் கொன்றுவிடுவார்கள் என்று நினைத்தார். ஆக, தலைவரே தனியாக. 1934 மார்ச் 28 முதல் அந்தக் குடிலில் அவர் மட்டும். வந்த பிறகு பார்த்தால் அலாரம் கடிகாரத்தையும் சமையல் புத்தகத்தையும் எடுத்து வைக்க மறந்துபோயிருக்கிறது. குடும்பத்தை விட்டு டிரான்ஸ்ஃபரில் போன எல்லோருக்கும் இந்த வரி புரியும் :)

ஏப்ரலில் சூரியன் போய்விட்டது. வாரம் மூன்று நாள் ரேடியோ. முகாம்காரர்கள் பேசுவது இவருக்குக் கேட்கும். இவர் பதிலை மோர்ஸில் தட்ட வேண்டும், அதில் கெட்டிக்காரர் இல்லை. ரேடியோவுக்கான பெட்ரோல் ஜெனரேட்டர் குடிலை ஒட்டிய பனிச் சுரங்கத்தில். உள்ளே எண்ணெய் அடுப்பு. குழாய் இணைப்புகளில் கசிவு, காற்று வரும் துவாரம் பனி பிடித்து அடைப்பு. கொஞ்சம் கொஞ்சமாகத் தலைவலி, கண் எரிச்சல், சோர்வு. மே 31 அன்று ரேடியோ பேச்சின் நடுவே ஜெனரேட்டரைப் பார்க்கச் சுரங்கத்துக்குள் போனவர் அங்கேயே சரிந்தார். கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை.

இதை லக்னோவிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஒவ்வொரு குளிர்காலத்திலும் பேப்பரில் அந்தச் செய்தி வரும்: அங்கீட்டியில் கரி மூட்டி, கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கிய குடும்பம் காலையில் எழுந்திருக்கவில்லை என்று. ஜன்னல் இல்லாத குளியலறையில் கேஸ் கீசர் வைத்தும் போயிருக்கிறார்கள். தெற்கேயிருந்து புதிதாக வந்து முதல் குளிரில் நடுங்கும் நம்மவர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு குளிர்ந்தாலும் ஒரு ஜன்னல் விரற்கடை திறந்திருக்கட்டும்.

பேர்டின் சிக்கல் என்னவென்றால், அடுப்பை மூட்டினால் விஷம், அணைத்தால் வெளியே மைனஸ் 50, 60 என்று குளிர். ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம் எரியவிடுவது, இத்தனை மணி நேரம் அணைப்பது என்று ரேஷன் போட்டு உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டது நிற்கவில்லை. அந்த நிலையிலும் வானிலைக் கருவிகளின் தாள்களை மாற்றி, பதிவு எடுத்துக்கொண்டிருந்தார். ஜெனரேட்டர் கெட்டதும் கையால் சுற்றும் கருவியைச் சுற்றித் தட்டினார். முகாமுக்கு என்ன தட்டினார்? எல்லாம் நலம் என்றுதான்.

சொன்னால் அவர்கள் கிளம்பி வந்துவிடுவார்கள். இருட்டில், பனிப் பிளவுகளுக்கு நடுவே 200 கிலோமீட்டர். தன் ஒரு உயிருக்காக நாலைந்து பேர் சாகக் கூடாது என்று தீர்மானித்திருந்தார். ஆனால் விரல் பொய் சொல்லத் தெரியாமல் போயிற்று. தட்டுகிற வேகம் குறைந்தது, வார்த்தைகள் குழம்பின, நடுவில் நீண்ட மௌனம். அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. துணைத் தலைவர் பௌல்ட்டர் இயற்பியல்காரர். அவர் உங்களைக் காப்பாற்ற வருகிறோம் என்று சொல்லவில்லை. எரிகற்களைப் பார்க்க அந்தப் பக்கம் வரலாம் என்றிருக்கிறோம் என்றார்! இவர் அங்கிருந்து ஒரு சால்ஜாப்பு, அவர் இங்கிருந்து ஒரு சால்ஜாப்பு. ஜூலையில் கிளம்பிப் பாதையடையாளக் கொடிகள் பனியில் மூழ்கிப்போனதால் திரும்பினார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் மறுபடி கிளம்பி வண்டி பழுதாகித் திரும்பினார்கள். மூன்றாவது தடவை, பௌல்ட்டர், டெமாஸ், வெயிட் மூன்று பேரும் ஆகஸ்ட் 10 அன்று வந்து சேர்ந்தார்கள். பேர்ட் வெளிச்சம் காட்டப் பெட்ரோலைக் கொளுத்தினார், பட்டத்தின் வாலில் தீ வைத்துப் பறக்கவிட்டார். வந்தவர்களைக் கீழே வாருங்கள், சூப் சூடாக இருக்கிறது என்று கூப்பிட்டுவிட்டு, இறங்கியதும் விழுந்தார். தூக்கிப் போகும் நிலையில் இல்லை. அந்த ஒன்பதுக்குப் பதின்மூன்று குடிலில் நாலு பேரும் அக்டோபர் வரை இருந்தார்கள், பிறகுதான் பேர்ட் விமானத்தில் வந்தார். இதை எழுதவே அவருக்கு நாலு வருடம் ஆயிற்று. 1938-ல் வந்த அந்தப் புத்தகத்தின் பெயரே ‘தனியே’ என்ற பொருள் தருவதுதான்.

இந்தக் கதையை வீட்டில் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது. தங்கமணிக்குக் கோபம் வந்தது. “உடம்பு முடியலேன்னா முடியலேன்னு சொல்றதுக்கு என்ன? பாஸ்டன்ல அந்தப் பொண்டாட்டி நாலு குழந்தைகளை வெச்சுண்டு, நல்லா இருக்கார்னு நம்பிண்டு உட்கார்ந்திருக்கா. இது என்ன தியாகம்?” என்றாள். அஸ்ஸாமில் எனக்கு மலேரியா வந்து பத்து நாள் படுத்திருந்தபோது, தினமும் போனில் ஊருக்கு ‘சாப்பிட்டாச்சு, நல்லா இருக்கேன்’ என்று சொன்ன விஷயம் அவளுக்குப் பின்னால்தான் தெரியும். ஆகவே நான் வாதத்தை வளர்க்கவில்லை. ஊரை விட்டு வந்த எந்த வீட்டில் இந்த வசனம் இல்லை? அம்மாவும் அந்தப் பக்கத்திலிருந்து அதையேதான் சொல்கிறாள், முழங்கால் வலியை மறைத்துக்கொண்டு.

அவள் சொன்னதில் எனக்கு ஒன்று உறைத்தது. சாகக் கிடந்தும் காற்றழுத்தத்தை விடாமல் குறித்தவர், 1926-ல் எண்ணை மாற்றியிருப்பாரா என்றுதான் அதுவரை அவருக்காக நானே வாதாடிக்கொண்டிருந்தேன். ஆனால் 1934-ல் அவர் கருவிப் பதிவில் உண்மையை எழுதினார், ரேடியோவில் உண்மையல்லாததைச் சொன்னார், இரண்டும் ஒரே கைதான். நல்ல காரணம் கிடைத்தால் வெளியே போகும் செய்தியைத் திருத்தக் கூடியவர் என்பதற்கு அவர் புத்தகமே சாட்சி. பணம் போட்டவர்கள், நியூயார்க்கில் காத்திருக்கும் கூட்டம், பக்கத்துக் கொட்டகையில் அமுண்ட்சென்... 1926-லும் காரணங்களுக்குக் குறைவில்லை.

இன்ஸ்பெக்ஷனில் ‘ஆள் நல்லவர்’ என்று எழுத இடமில்லை. வவுச்சர் இருக்கிறதா, திருத்தத்தில் கையெழுத்து இருக்கிறதா, அவ்வளவுதான். நான் ரிப்போர்ட் எழுதினால் தென் துருவத்துக்கு டிக் போட்டுவிடுவேன். வட துருவத்தில் ‘அழிப்பு, சான்றொப்பம் இல்லை’ என்று எழுதி நிலுவையில் வைப்பேன். மோசடி என்று எழுத மாட்டேன். மோசடிக்காரன் அந்த நோட்டை எப்போதோ அடுப்பில் போட்டிருப்பான். முப்பது வருடம் வீட்டிலேயே வைத்திருந்திருக்கிறார் மனுஷன்.

பின்னாள் வாழ்க்கை பெரும்பாலும் பதவியும் நிர்வாகமும்தான். 1946-47-ல் ஏறத்தாழ 4,700 பேரும் 13 கப்பல்களுமாக அண்டார்டிகாவுக்குப் போன கடற்படைப் படையெடுப்புக்குப் பொறுப்பாளர். 1956 ஜனவரியில் மூன்றாவது முறையாகத் தென் துருவத்தின் மேல் பறந்தார். அடுத்த வருடம் மார்ச்சில் பாஸ்டன் வீட்டில், தூக்கத்திலேயே போனார். வயது 68. 1928-ல் சாரணர் பையனாக அவரோடு கிளம்பிய பால் சைப்பிள், அவர் இறந்தபோது தென் துருவத்தில் புதிதாகக் கட்டிய நிலையத்துக்குத் தலைவராக இருந்தார்.

ஆங், இன்னொன்று. பூமிக்குள்ளே வேறொரு பூமி இருப்பதாகவும், அட்மிரல் பேர்ட் 1947 பிப்ரவரியில் வட துருவம் வழியாக உள்ளே போய் வந்ததாகவும் ஒரு ‘ரகசிய டைரி’ முன்பு மெயிலில் சுற்றியது, இப்போது வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அந்த மாதம் அவர் தென் கோடியில் அண்டார்டிகாவில் இருந்தார். அனுப்பும் மாமாக்களுக்குச் சொல்லிவிடுங்கள். அவர் பேரில் சண்டை போட ஒரிஜினல் டைரி ஒன்றே போதும்.

முதல் பயணத்தின்போது முகாமுக்குக் கிழக்கே தான் பார்த்த நிலத்துக்கு மனைவியின் பெயரை வைத்தார், மேரி பேர்ட் லேண்ட் என்று. ஏறத்தாழ 16 லட்சம் சதுர கிலோமீட்டர், நம் ராஜஸ்தானைப் போல நான்கைந்து மடங்கு. இன்றைக்கும் எந்த நாடும் அதன் பெரும்பகுதியைத் தன்னுடையது என்று கேட்கவில்லை. இதை ஆசையாகத் தங்கமணியிடம் சொன்னேன். “பட்டா யார் பேர்ல இருக்கு?” என்றாள்.